சிப் இல்லாத சாவி

இன்று காலை பாண்டி பஜாரில் காரைப் பூட்டிவிட்டுத் திரும்பினேன். கண்ணாடிக்குள்ளே டாஷ்போர்டின் சிவப்பு விளக்கு மினுக்கென்று எரிந்து அணைந்தது. "வண்டி ஒரு கண்ணத் தொறந்து வெச்சிக்கினே தூங்குது மேடம்" என்று அதைக் காட்டிச் சிரிப்பீர்கள். நீங்கள் இறந்து எட்டு மாதம் ஆகிறது.

ஆறு வருடம் எனக்கு வண்டி ஓட்டினீர்கள். ஒருமுறை சாவி தொலைந்தபோது, தெருவோரத்தில் வெட்டிக்கொள்ளலாமே என்றேன். தலையில் அடித்துக்கொண்டீர்கள்.

"வெட்ன சாவி கதவத் தொறக்கும் மேடம், வண்டி ஓடாது. ஒரிஜினல் சாவிக்குள்ள ஒரு சிப்பு கீது. வண்டி அதத்தான் தேடும். இல்லன்னா என்ஜின் டப்புனு நின்னுடும்."

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை. ஆழ்வார்பேட்டையில் எங்கள் குடியிருப்பு வாசலில் கார்க் கதவு திறந்து கிடந்தது. உள்ளே தெருவோரத்தில் வெட்டிய சாவி ஒன்று செருகியபடி இருந்தது. எவனோ கிளப்பப் பார்த்து, முடியாமல் ஓடியிருக்கிறான். அப்படி ஒன்றை வெட்ட எங்கள் சாவி கையில் இருந்திருக்க வேண்டும். வீட்டாரைத் தவிர அது உங்களிடம்தான் இருக்கும். என் துப்பறிதல் அவ்வளவுதான். ஆறு வருடம் 'நீங்க' என்று பேசிய வாய், வாட்ச்மேனும் அக்கம்பக்கத்தாரும் பார்க்க, "நீதானே வெட்டின?" என்று கேட்டது. பக்கத்தில் என் தம்பி தரையைப் பார்த்தபடி நின்றான்.

நீங்கள் கத்தவில்லை. "இது ஓடாதுன்னு எனக்குத் தெரியாதா மேடம்?" என்று மட்டும் கேட்டீர்கள்.

எனக்குப் புரிந்தது. அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. புரிந்தும், அத்தனை பேர் முன்னால் விட்ட சொல்லைத் திரும்ப வாங்க மனமில்லாமல், நாளையிலிருந்து வர வேண்டாம் என்றேன்.

இரண்டு மாதம் கழித்து, தோசையைப் பிய்த்துக்கொண்டே தம்பி சொன்னான்: "நான்தான்க்கா. ஃப்ரெண்ட்ஸோட ஈசிஆர் போலாம்னு சாவி வெட்டினேன். சனியன், ஸ்டார்ட் ஆகி உடனே ஆஃப் ஆயிடுச்சு."

அன்றே உங்களிடம் ஓடி வந்திருக்க வேண்டும். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிப்போட்டேன். அதற்குள் நீங்கள் மாரடைப்பில் போய்விட்டதாக வாட்ச்மேன் வந்து சொன்னார்.

துக்கம் விசாரிக்கப் பெரும்பாக்கத்தில் உங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு வந்தேன். உங்கள் மனைவி நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "நீங்கதானா அந்த மேடம்? வண்டிய வித்துட்டீங்க, அதான் வேல பூடுச்சுன்னு சொல்லிக்கினு இருந்தாரு. உங்கள ஒரு வார்த்த தப்பா பேசினதில்ல."

உண்மையைச் சொல்லத்தான் வந்திருந்தேன். கார் கீழே, அவர்கள் பிளாக் வாசலிலேயே நின்றது.

"ஆமாம்மா, வித்துட்டேன்" என்றேன்.

நான் இறங்கிப் போவதை அவர் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்ததால், என் காரை யாருடைய வண்டியோ போலத் தாண்டி நடந்தேன். எங்கள் குடியிருப்பில் இன்றைக்கும் திருடர் நீங்கள்தான். அப்படி இல்லை என்று நான் இன்னும் ஒருவரிடமும் சொல்லவில்லை.