செவ்வாயின் கொல்லையில் நான்கு குட்டிகள்

நாள் 212, காலை 07:10
ஆக்சிஜன் சரி. தண்ணீர்த் தொட்டி எழுபது சதவீதம். புழுதிப் புயல் ஐந்தாம் நாள். மற்ற ஆறு பேரும் தலைமை நிலையத்தில் மாட்டிக்கொண்டார்கள். செவ்வாயின் இந்த மூலையில் மண் ஆய்வாளர் பேராச்சி, அதாவது நான், தனியாள். இதைக் கண்டெடுத்துப் படிக்கிறவர்கள் மன்னிக்கவும், நான் கொஞ்சம் அதிகம் பேசுவேன்.

கண்ணாடிக் கூரை போட்ட எங்கள் தோட்டத்தைக் கொல்லை என்றுதான் சொல்வோம். முன்பு கூண்டிலிருந்து தப்பிய இரண்டு முயல்கள் அங்கே புதருக்குள் காட்டுமுயலாகவே மாறிவிட்டன. ஆண் மூன்று வாரத்துக்கு முன் செத்தது. இன்று வெண்டைப் பாத்தியில் ஒரு குழி. உள்ளே, பிடுங்கிப் போட்ட ரோமத்துக்கு அடியில், கண் திறக்காத நான்கு குட்டிகள். இவை போனால், தாய்க்குப் பிறகு இந்தக் கிரகத்தில் முயலே கிடையாது. பிழைத்துவிட வேண்டும், எப்படியாவது.

நாள் 213, மாலை 18:30
தாயைக் காணோம். நேற்று மாலை விளக்கு மங்கியதிலிருந்து குழிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டுக் காவல் இருக்கிறேன். இன்று விடியலிலும் இருந்தேன். பெற்றுப் போட்டுவிட்டு ஓடிவிட்டாள் பாதகத்தி.

என் மதினி சண்முகவடிவு பாளையங்கோட்டையில் கால்நடை மருத்துவர். "என்ன செய்யட்டும் மதினி?" என்று, நடந்ததெல்லாம் எழுதி இப்போது அனுப்பினேன். போய்ச் சேர இருபத்திரண்டு நிமிடம். பதில் வர இன்னும் இருபத்திரண்டு.

நாள் 213, மாலை 19:02
தொடர்பு அறுந்தது. பூமிக்கும் எனக்கும் நடுவே சூரியன் வந்துவிட்டது. நாளைக்குத்தான் என்று நினைத்திருந்தேன். இனிப் பதினான்கு நாள் பேச்சில்லை.

நாள் 214, மாலை 18:04
புயலால் மின்சாரம் குறைந்து கொல்லையில் பதினொரு டிகிரி. பார்த்துக்கொண்டே இருக்க மனம் வரவில்லை. குட்டிகளை என் அறைக்குத் தூக்கி வந்துவிட்டேன். எங்கள் ஊரில் கைக்குழந்தைக்குப் பாலாடையில்தான் பால் புகட்டுவோம். அலுமினிய மூடி ஒன்றை வளைத்து மூக்கு வைத்தேன், பாலாடை தயார். பால்பவுடர், வெந்நீர். முதல் குட்டிக்கு இப்போதுதான் சாய்க்கிறேன். குடிக்கிறது!

நாள் 215, காலை 05:50
ஒன்று போய்விட்டது. மூக்கில் பால் நுரை.

நாள் 216, மதியம் 13:20
இன்னும் இரண்டு போய்விட்டன. வயிறு பந்து மாதிரி உப்பிவிட்டது. தடவிக் கொடுத்தேன், பாட்டுக்கூடப் பாடினேன். என்ன தப்பு செய்கிறேன் என்றே தெரியவில்லை. யாராவது சொல்லுங்களேன்.

நாள் 217, காலை
கடைசிக் குட்டி. உள்ளங்கையில் துடித்துக்கொண்டே இருந்தது. பிறகு இல்லை. பாலாடையைக் கழுவிக் கவிழ்த்தேன். எதற்குக் கழுவினேன்?

நாள் 227, காலை 10:15
தொடர்பு வந்தது. மதினி அன்றைக்கே அனுப்பிய பதில்:

"ஏட்டி பேராச்சி, குட்டிய தொட்டுராத, கேட்டியா? தாய் எங்கயும் ஓடிப்போவல. காலம்பற ஒருக்க, பொழுதடைய ஒருக்க, மூணு நிமிசம் பால் குடுத்துட்டுப் போயிரும். பக்கத்துல ஆள் இருந்தா வராது. நீ அங்கன இருக்காத. பாலாடைய கீலாடைய எடுத்துராத, பொரையேறிரும். குளுருக்கு அந்த ரோமம் போதும். அது பிள்ளைய அது பாத்துக்கிடும்."

நாள் 227, காலை 11:40
கொல்லைக் கேமராவின் பழைய பதிவுகளைப் போட்டுப் பார்த்தேன்.

212, 213. முக்காலியில் நான். பின்னால் புதருக்குள் இரண்டு காதுகள். நான் எழுந்து போகட்டும் என்று காத்திருக்கிறாள். நான் போகவில்லை.

214. முக்காலி காலி. புதரிலிருந்து வெளியே வருகிறாள். குழியின் மேல் ஏறி, பால் கொடுக்க முதுகை வளைத்து நிற்கிறாள். கீழே ஒன்றுமில்லை. ஆனாலும் நகரவில்லை. மூன்று நிமிடமும் நின்றாள்.

பதிவின் மூலையில் இருக்கும் நேரத்தை என் 214ஆம் நாள் குறிப்போடு ஒத்துப் பார்த்தேன். மாலை 18:04