ரேஞ்சர் நோட்டில் ஒரே ஒரு பெயர்

1976 ஆகஸ்ட் 27, வெள்ளி. மெல்போர்ன்.

புளியோதரை கிளறியாயிற்று. ஊறுகாய், ரொட்டி, பால்பவுடர் எல்லாம் கட்டியாயிற்று. நாளை விடியற்காலை தெற்கு ஆஸ்திரேலியாவின் பாலைப் பக்கம் கிளம்புகிறோம். செம்மலை, நடுவே பள்ளத்தாக்கு, தங்க ஒரு மரக்குடில். "போறதுக்கு முன்னாடி பார்த்துடணும்" என்கிறார் இவர்.

போறது என்றால் மெட்ராஸுக்கு. டிசம்பரில், ஒரேயடியாக. அம்பத்தூர் கம்பெனி வேலைக்குச் சம்மதம் எழுதித் தபாலில் போட்ட பிறகுதான் எனக்குச் சொன்னார்.

ஆஸ்பத்திரி லேபில் போன வாரம் என்னை நிரந்தரமாக்கினார்கள். சொன்னேன். "பாவம், அவங்க வேற ஆள் தேடணும்" என்றார். எனக்குப் போக இஷ்டமில்லை. இதைச் சொல்ல எனக்கு என்ன கேடு? வாய் வரமாட்டேன் என்கிறது.

ஆகஸ்ட் 29, ஞாயிறு. குடில்.

இரண்டு நாள் கார். செம்மண், செம்மண், மறுபடி செம்மண். பேச்சு பெட்ரோலைப் பற்றி மட்டும். குளிரில் பல் கிட்டுகிறது. நாளை சொல்லிவிடுவேன்.

ஆகஸ்ட் 30, திங்கள்.

உயிரோடு இருக்கிறேன்.

ஆகஸ்ட் 31, செவ்வாய்.

நேற்று நடந்ததை எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் தலை வெடித்துவிடும்.

காலையில் ரேஞ்சர் ஆபீஸில் ஒரு நோட்டு. நடக்கப் போகிறவர்கள் பெயர் எழுத வேண்டும், திரும்பியதும் கோடு அடிக்க வேண்டும். அடிக்காத பெயர் இருந்தால் ரேஞ்சர் தேடிப் போவார். இவர் எழுதினார்: ஆர். பாலகிருஷ்ணன். நான் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கும் தப்பாகப் படவில்லை. வாடகை, பாங்கு, எல்லாவற்றிலும் இவர் பெயருக்குள் நான் அடக்கம்தானே.

உள்ளே இரண்டு மைல் நடந்தோம். வறண்ட ஆற்றின் கரைமேட்டில் ஒரு மரத்தடியில் சொல்லிவிட்டேன். "நான் மெட்ராஸ் வரலைங்க."

இவர் தண்ணீர் பாட்டிலை மூடினார். "வீட்டுக்குப் போய்ப் பேசலாம்" என்று விறுவிறுவென்று நடந்தார். பின்னாலேயே ஓட மனமில்லை. உட்கார்ந்து அழுதேன். எழுந்து இறங்கும்போது கல் புரண்டு கணுக்கால் மடங்கிவிட்டது.

கூப்பிட்டேன் — தொண்டை கிழியக் கூப்பிட்டேன். யாருமில்லை. தண்ணீர் இவரிடம். இரண்டு மணி, மூன்று, நாலு. வெயில் பாறை உச்சிக்குப் போய்விட்டது. செத்துப்போவேன் என்றே நினைத்தேன். ஆனாலும் நோட்டு இருக்கிறதே, ரேஞ்சர் வருவார் என்று பைத்தியம் மாதிரி நம்பிக்கொண்டிருந்தேன்.

கடைசி வெளிச்சத்தில் வந்தார்கள், இவரும் ரேஞ்சரும். காலுக்குக் கட்டுப் போட்டபடியே ரேஞ்சர் சொன்னார்: உங்கள் கணவர் மூன்று மணிக்கே பெயரை அடித்துவிட்டார், நோட்டுப்படி மலையில் யாருமே இல்லை.

இவர் வேறு வழியாகச் சுற்றி வந்தாராம். நான் முன்னாலேயே திரும்பி, கோபித்துக்கொண்டு குடிலுக்குப் பக்கத்து ஓடையோரம் எங்கேயாவது உட்கார்ந்திருப்பேன், தணிந்தால் வருவேன் என்று காத்திருந்தாராம். நாலரை வரைக்கும்!

"உன் பேரையும் எழுதியிருக்கணும், கலா" என்றார். குரல் உடைந்திருந்தது.

"நான் எழுதியிருக்கணும்" என்றேன்.

செப்டம்பர் 3, வெள்ளி. வீடு.

வீக்கம் வடியவில்லை. இவரே காபி போட்டுக் கொடுத்தார். சர்க்கரை இல்லை. குடித்தேன். மெட்ராஸைப் பற்றி இரண்டு பேருமே வாய் திறக்கவில்லை.

செப்டம்பர் 24, வெள்ளி.

இவர் டிக்கெட்டுக்கு ஃபோன் செய்தார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். டிசம்பர் பதினொன்று என்று தேதி சொன்னார். அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். இவர் ரிசீவரை உள்ளங்கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஒண்ணா, ரெண்டா?"

கல்யாணமாகி ஆறு வருஷத்தில் இவர் என்னைக் கேட்டது இதுதான் முதல் தடவை. கேட்டாரே, அதற்காகவாவது ரெண்டு என்று சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

"ஒண்ணு" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு கையை எடுத்துவிட்டு, அவர்களிடம் அதையே ஆங்கிலத்தில் சொன்னார்.