நீ எழுதிய பெயர்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. அம்மா சுகம். உன் மனைவி நடமாடிக்கொண்டிருக்கிறாள். நீ சுகமா என்று இந்த முறை நான் கேட்கப்போவதில்லை. கப்பல் அலுவலகம் வழியாக வரும் கடிதத்தைக் கேப்டன்தான் அச்செடுத்துக் கொடுப்பார், அவருக்குத் தமிழ் தெரியாது என்று நீயே சொல்லியிருக்கிறாய். அந்தத் தைரியத்தில் வாய்க்கு வந்தபடி எழுதுகிறேன். ஓர் இடத்தில் உட்கார்ந்து படி.

போன திங்கட்கிழமை அவளுக்கு ஏழாம் மாத ரத்தப் பரிசோதனை. நம் வீட்டுப் பெண்ணின் ரத்தத்தை அடுத்தவர் கையில் கொடுப்பானேன் என்று எங்கள் ரத்த வங்கியில் நானே எடுத்து நானே பார்த்தேன். அவள் ஓ நெகடிவ், நீ பாசிடிவ். டியூபைச் சுழற்றி எடுத்து லேசாகத் தட்டினேன். சிவப்பணுக்கள் கலையாமல் கட்டிகட்டியாக நின்றன. பாசிடிவ் ரத்தத்துக்கு எதிரான ஆன்டிபாடி அவள் உடம்பில் இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். உன் ரத்த வகை குழந்தைக்கு வந்திருந்தால், அந்த ஆன்டிபாடி நஞ்சுக்கொடி வழியே போய்க் குழந்தையின் சிவப்பணுக்களை அழிக்கும். இருபது வருடமாக நான் பார்க்கும் டியூப்தான். அன்றைக்கு இன்னொரு தடவை சுழற்றிப் பார்த்தேன்.

அடுத்து நான் செய்ததை மறைக்க மாட்டேன். முதல் கர்ப்பத்தில் இப்படி வருவது அபூர்வம். முன்னால் ஒன்று கலைந்திருந்தால் வரும். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல், கல்யாணத்துக்கு முன்போ பின்போ எதையாவது மறைத்தாயா என்று அம்மா எதிரிலேயே அவளைக் கேட்டுவிட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அம்மா மூன்று நாள் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நானும்தான். அவள் சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டு ஆளுக்கொரு அறைக்குப் போனோம்.

நான்காம் நாள் அவளே ரத்த வங்கிக்கு வந்தாள். லிப்ட் பழுது. அந்த வயிற்றோடு இரண்டு மாடி ஏறி வந்து, தானம் கொடுப்பவர்கள் படுக்கும் கட்டிலில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்.

"ஒரு ஊசி போட்டாங்கக்கா. என்ன ஊசின்னு எனக்குத் தெரியாது. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு அவரு சத்தியம் வாங்கிட்டாரு."

நீ கப்பல் ஏறுவதற்கு நான்கு நாள் முன்னால், ஐந்தாம் மாதத்தில் அவளுக்கு ரத்தம் பட்டிருக்கிறது. கடைவீதி க்ளினிக்குக்குக் கூட்டிப்போயிருக்கிறாய். அக்கா லேப்காரி, ஒன்றை ஒன்பதாக்குவாள், பயணத்தைத் தடுத்துவிடுவாள் என்று அவளிடம் சொன்னாயாம். ஆமாம், தடுத்திருப்பேன். உன் பெட்டியைத் தூக்கிப் பரண்மேல் போட்டிருப்பேன்.

என்ன ஊசி என்பது ஏன் முக்கியம் என்று கேள். ரத்தம் படும்போது குழந்தையின் ரத்தம் தாயின் ரத்தத்தில் கலந்துவிடலாம். பி செல் என்று ஒரு வகை வெள்ளை அணு. ஆன்டிபாடி செய்வது அதன் வேலை. அதன் மேல் ஏற்பிகள் இருக்கின்றன. ஓர் ஏற்பி அந்நியப் பொருளைப் பிடித்ததும் செல் முடுக்கிவிடப்படும். இன்னோர் ஏற்பி, ஏற்கெனவே ஆன்டிபாடி ஒட்டிய பொருளைக் கண்டால் அந்த ஆன்டிபாடியின் வாலைப் பிடித்து, போதும் நிறுத்து என்று சொல்லும். என்ஜின் அறையில் இருக்கிறவனுக்கு இது புரியாமல் இருக்காது. தானம் கொடுத்தவர்களின் ரத்தத்திலிருந்து எடுத்த அதே ஆன்டிபாடியை, ரத்தம் பட்ட மூன்று நாளுக்குள் ஊசியாகப் போட்டுவிட்டால், தாயின் பி செல் பெரும்பாலும் விழித்துக்கொள்வதே இல்லை. அந்த பிரேக்தான் காரணமா, குழந்தையின் அணுக்களை ஊசி சீக்கிரமே அப்புறப்படுத்திவிடுவதா என்று படித்தவர்களே இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். விழித்துவிட்டால் பிறகு எந்த ஊசியும் அதை மறக்கடிக்காது.

போட்டது அந்த ஊசியானால், நான் டியூபில் பார்த்தது இரவல் ஆன்டிபாடி. தானாகக் கரைந்துபோகும். வேறு ஊசியானால், அது அவள் உடம்பே செய்தது. இரண்டும் டியூபில் ஒரே மாதிரி தெரியும். அளவு குறைவாகத்தான் இருக்கிறது, ஆனால் சொந்தமாகச் செய்ய ஆரம்பிக்கும்போதும் குறைவாகத்தான் இருக்கும். அவளைப் பார்க்கும் டாக்டரம்மா எதற்கும் இருக்கட்டும் என்று நேற்று அந்த ஊசியைப் போட்டுவிட்டார். அது சரிதான், ஆனால் இனி டியூப் கொஞ்ச நாளைக்கு எதையும் பிரித்துச் சொல்லாது.

க்ளினிக்கில் கேட்டால் தெரிந்துவிடும் என்று ஓடினேன். அங்கே அவள் பெயரே இல்லை. அங்கிருந்து ரத்தம் எங்கள் வங்கிக்குத்தான் வரும், அக்கா கண்ணில் பட்டுவிடும் என்று படிவத்தில் வேறு பெயரை எழுதிக் கொடுத்தாயாம். என்ன பெயர் என்று அவளுக்குத் தெரியாது. வாசலிலேயே சீட்டைக் கிழித்துப் போட்டாயாமே. என்ன மூளையடா உனக்கு.

எங்கள் பதிவேட்டைப் புரட்டினேன். அன்று அந்த க்ளினிக்கிலிருந்து ஓ நெகடிவ் இரண்டு பேர். எதிரே இரண்டிலும் என் கையெழுத்து. அவள் ரத்தத்தை அன்றே கையில் பிடித்து, யாரோ என்று நினைத்து ஓரமாக வைத்திருக்கிறேன். அந்த இரண்டு பேரில் ஒருத்திக்கு அந்த ஊசி போட்டதாகக் க்ளினிக்கில் எழுதியிருக்கிறது. இன்னொருத்திக்கு ரத்தத்தை நிறுத்தும் ஊசி மட்டும் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இரண்டு பெயரையும் இங்கே எழுத மாட்டேன். எழுதினால் எனக்கு எது நிம்மதியோ அதைச் சொல்லிவிடுவாய். உன்னைத் தூக்கி வளர்த்தவள் நான்.

தெரியாத வரைக்கும் கெட்டதையே நம்பி நடக்கவேண்டும் என்கிறார் டாக்டரம்மா. வியாழக்கிழமையிலிருந்து வாரம் ஒருமுறை பெரிய ஆஸ்பத்திரிக்கு ஸ்கேனுக்குப் போகவேண்டும். குழந்தைக்கு ரத்தம் குறைகிறதா என்று பார்ப்பார்கள். போக நான்கு மணி நேரம், வர நான்கு மணி நேரம் பஸ். ஏற்கெனவே ஒரு தடவை ரத்தம் பட்டவள். வீணாக அலையவைக்கிறேனா, அலையவைக்காமல் விட்டுக் குழந்தையைக் கொல்லப்போகிறேனா என்று எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரியும்.

அம்மா அவளிடம் பேச ஆரம்பித்துவிட்டாள். நான் மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லைக்கா என்றாள். பரவாயில்லை என்று சொன்ன முகமில்லை அது. உன்மேல் அவள் ஒரு குறையும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது.

குழந்தைக்குப் பெயர் யோசித்துக்கொண்டிருப்பதாகப் போன கடிதத்தில் எழுதியிருந்தாய். அது இருக்கட்டும். அன்றைக்கு அவளுக்கு வைத்தாயே, அந்தப் பெயரை முதலில் எழுதி அனுப்பு. நினைவில்லை என்று மட்டும் எழுதிவிடாதே, ராஜா.

கடலில் பத்திரமாக இரு.

உன்மேல் கோபம் தீராத,
அக்கா