என்ன மாதிரி வேணாம்

அம்மா,

அலுவலகத்தில் கூட வேலை பார்க்கும் பெண்ணுக்கு இன்று வளைகாப்பு. இங்கே திருப்பதியில் சீமந்தம் என்கிறார்கள். அவள் கன்னத்தில் பூசிய சந்தனம் என் விரல்களில் ஒட்டிக்கொண்டு வீடுவரை வந்துவிட்டது. சோப்புப் போட்டுக் கழுவியும் மணம் போகவில்லை. நீ போய் ஒன்றரை வருடம் ஆகிறது. இப்போதுதான் உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நகரியில் நம் தெருவில் வளைகாப்பு என்றால், பிள்ளை பெற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து வளையல் போட வேண்டும். போடும்போது, "என்ன மாதிரி புள்ள குட்டியோட நல்லா இரு" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எதிர்வீட்டுப் பெண்ணுக்கு நடந்தபோது நான் பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தேன். உன் முறை வந்ததும் வளையலைப் போட்டு, "நல்லா இரு" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தாய்.

பெரியம்மா விடவில்லை.

"இன்னாடி, பாதிய முழுங்கற? என்ன மாதிரின்னு சொல்லு."

"என்ன மாதிரி வேணாங்க்கா." சிரித்துக்கொண்டுதான் சொன்னாய்.

"ஏன், உனக்கு இன்னா கொறச்சல்? சிங்கக்குட்டியாட்டம் ரெண்டு கீது. வேணாம்னா உம்பொண்ண என்னாண்ட குடுத்துடு."

"அவளயே கேளு. வந்தா இட்டுக்கினு போ."

கூடம் முழுக்கச் சிரிப்பு. அதோடு நீ நிறுத்தியிருக்கலாம். மணையில் உட்கார்ந்திருந்த பெண் மட்டும் சிரிக்காமல் உன்னையே பார்த்தாள். அவளிடம்தான் நீ சொன்னாய், மெதுவாக.

"பொய் சொல்லி வளையல் போடக்கூடாது இல்ல. திரும்ப மொதல்லருந்து வாழச் சொன்னா நான் பெத்துக்க மாட்டேன்."

பெரியம்மா ஓடிப்போய் ஒரு கைப்பிடி உப்பை எடுத்து வந்து அந்தப் பெண்ணுக்குத் திருஷ்டி சுற்றினாள். நீ போட்ட பச்சை வளையலை மறுநாள் அவள் கையில் காணவில்லை.

அடுத்த வளைகாப்புக்கு அழைக்க வந்தவர்கள் குங்குமத் தட்டோடு பக்கத்து வீட்டுக்குள் போனார்கள். பிறகு நம் வாசலைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போனார்கள். பிள்ளையில்லாதவளை இப்படித் தாண்டிப் போவதை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு பெற்றவளைத் தாண்டியது நம் வீட்டில்தான். "வாய வெச்சிக்கினு சும்மா இருக்க முடியாதா உன்னால?" என்றார் நைனா. நீ தறிக்கு நூல் சுற்றப் போய்விட்டாய். அதன் பிறகு ஒருவரும் உன்னை எதற்கும் கூப்பிடவில்லை.

நம் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். திருப்பதி விடுதியில் என்னைக் கொண்டுவிட நீதான் கூட வந்தாய். பஸ் புத்தூரைத் தாண்டியதும், ஒரு வருடமாகத் தொண்டையிலேயே வைத்திருந்ததைக் கேட்டேன்.

"நாங்க உனக்கு வேணாமாம்மா?"

"நீங்க வேணும். அம்மாவா இருக்கறதுதான் எனக்கு ஒத்து வர்ல." புத்தூரில் வாங்கிய வேகவைத்த வேர்க்கடலையை உரித்துக்கொண்டே பேசினாய். "எனக்குத் தனியா இருக்கப் புடிக்கும். கல்யாணத்துக்கு முன்ன அது எனக்கே தெரியாது. தெரிஞ்சப்ப உங்கண்ணன் இடுப்புல இருந்தான்."

"அப்ப எங்க மேல கோவமா?"

"உங்க மேல இன்னாத்துக்கு? நீங்களா வந்து கதவத் தட்டினீங்க?"

உரித்த பருப்பையெல்லாம் என் உள்ளங்கையில் போட்டாய். நீ ஒன்றுகூடத் தின்னவில்லை.

விடுதியில் பல நாள் அழுதேன். எந்தப் பிள்ளையும் தன் அம்மா வாயிலிருந்து கேட்க விரும்பாத சொல் அது. அதற்குப் பிறகு நீ எனக்குச் செய்த எதையும் கடமை என்று தள்ளவும் முடியவில்லை, பாசம் என்று நிம்மதியாக எடுத்துக்கொள்ளவும் முடியவில்லை. இன்றும் அப்படித்தான். ஆனால் நீ என்னிடம் பொய் சொல்லவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

நீ போன அன்று, சுமங்கலியாகப் போனவள் என்று தெருப் பெண்கள் எல்லோரும் வந்து உன் நெற்றியில் குங்குமம் வைத்தார்கள். பெரியம்மாதான் முதலில் வைத்தாள். நான் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

காரியத்துக்கு அண்ணன் பேனர் அடிக்கக் கொடுத்தான். கடைக்காரர் அனுப்பியதைப் போனில் காட்டினான். உன் படத்துக்குக் கீழே, 'பிள்ளைகளே உலகம் என்று வாழ்ந்த தியாகத் தாய்'.

"அந்த வரி வேணாண்ணா."

"ஏன்? எல்லாருக்கும் அதான் போடறாங்க."

"அம்மா அப்படி சொல்லல. பேரு மட்டும் போதும்."

அவன் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். "நீ படிச்சிட்ட, உனக்குத் தாங்குது. எனக்கு அம்மா அப்படித்தான் இருந்தாங்கன்னு நெனச்சிக்கினாதான் தூக்கம் வருது. உடும்மா." அவன் கண் கலங்கியிருந்தது. பேனர் அப்படியே தெருமுனையில் ஏறியது. படித்துவிட்டுப் பெரியம்மா அழுதாள். "சரியாத்தான் எழுதிக்கீறான் புள்ள," என்றாள்.

எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம் முடிந்துவிட்டது. இன்று மாலை அத்தை மறுபடியும் கேட்டார்கள்.

"இன்னும் இன்னாம்மா யோசன?"

"வேணுமான்னு தெரியலைங்க அத்த."

"இதுல தெரியறதுக்கு இன்னா கீது? உங்கம்மா யோசிச்சிக்கினா பெத்தாங்க? புள்ளைங்களே உலகம்னு இருந்தவங்க. பேனர்லயே போட்டிருந்தீங்களே!"

"அவங்க அப்படி இல்லைங்க அத்த," என்றேன். அத்தை காய் நறுக்குவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். அன்று வளைகாப்புக் கூடத்தில் எல்லோரும் உன்னைப் பார்த்தார்களே, அதே பார்வை. எத்தனை பேருடைய பார்வையை நீ தனியாகத் தாங்கினாய் என்று அப்போதுதான் புரிந்தது. ஒரே ஒருத்தியின் முன்னால் எனக்கு அடுத்த சொல் வரவில்லை.

நீ அன்று சொன்னதைக் கேட்டவர்கள் மறந்துவிட்டார்கள், அல்லது மறந்ததாக இருக்கிறார்கள். அது இப்போது என் ஒருத்தியிடம்தான் இருக்கிறது, அம்மா. நான் பெற்றுக்கொள்வேனோ மாட்டேனோ, தெரியாது. பெற்றுக்கொண்டால், அந்தப் பிள்ளை ஒருநாள் கேட்கும்போது பொய் சொல்லாமல் இருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறொன்றும் இன்னும் தெரியவில்லை.