ஒரு நிமிஷம் உட்கார்ந்தோம்

டல்லஸ்

அப்பாவுக்கு ஹம்சாவின் நமஸ்காரம். முட்டி வலி தேவலையா? நீங்கள் ஃபோனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். "நீ பேங்க் வேலைய விட்டது அவருக்கு இன்னும் ஆறலடி" என்கிறாள் அம்மா.

எங்கள் சின்ன விமானக் கம்பெனியில் பைலட்டோடு, வானிலையும் பாதையும் பார்க்கும் டிஸ்பாட்ச்சரான நானும் கையெழுத்துப் போட்டால்தான் விமானம் கிளம்பும். பக்கத்து மேஜை கலீனா சைபீரியாவில் ஒரு கம்பெனியில் இதே வேலை பார்த்தவள். சோவியத் யூனியன் உடைந்தபோது, ஊழியர்களே இரண்டு பழைய விமானங்களை வைத்துத் தொடங்கிய கம்பெனியாம். ரோடே இல்லாத ஊர்களுக்குத் தபாலும் முட்டைக்கோஸும் ஏற்றிப் போவார்கள். பிரசவத்துக்குப் பெண்களை அழைத்து வருவார்கள். கிளம்புமுன் பைலட், பயணிகள், வழியனுப்ப வந்தவர்கள் எல்லோரும் ஒரு நிமிஷம் பேசாமல் உட்கார வேண்டும். அது அவர்கள் ஊர் வழக்கம்.

செவ்வாயன்று நான் அவசரமாகக் கையெழுத்துப் போடப் போனேன். கலீனா உட்காரச் சொன்னாள். உட்கார்ந்து ரேடாரை மறுபடி பார்த்தால், இடிமேகம் எங்கள் பாதைக்குத் திரும்பியிருந்தது. விமானத்தை ரிலீஸ் பண்ண மாட்டேன் என்றேன். கேப்டன் கத்தினார், மேனேஜர் மிரட்டினார். நான் அசையவில்லை. பிறகு அந்தப் பக்கமெல்லாம் எலுமிச்சை அளவு ஆலங்கட்டி. பயப்படாதீர்கள், நான் ஆபீசுக்குள்தான் இருந்தேன். நாளைக்கும் இப்படித்தான் செய்வேன்.

யாராவது வந்தால் நார்த்தங்காய் ஊறுகாயும் உங்கள் ஸ்வெட்டர் ஒன்றும் கொடுத்தனுப்புங்கள். புதிது வேண்டாம், நீங்கள் போட்டதே போதும்.

ஷிஃப்டுக்கு நேரமாயிற்று. ஒன்று மட்டும். நான் கிளம்பிய அன்று நீங்கள் வாசலுக்கு வரவில்லை. ஒரு வார்த்தை பேசாமல் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தீர்கள். அதைக் கேட்டுவிட்டுக் கலீனா சொன்னாள்: "அப்போ உங்க அப்பாதான் உன்னை முறையா வழியனுப்பியிருக்கார்."

உங்கள்
ஹம்சா