நுனி ஒடித்த வெண்டைக்காய்

மதினி, இன்று காலையில் ஒரு வெண்டைக்காயின் நுனியை ஒடித்தேன். ஒடியவில்லை, வளைந்தது. அந்தக் கொழகொழப்பு விரலில் அப்படியே இருக்கிறது. கையைக்கூடக் கழுவாமல் உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அண்ணன் போன பிறகு சுந்தரபாண்டியபுரத்தில் நாம் இருவரும் ஒரு வயலைக் குத்தகைக்கு எடுத்து வெண்டை போட்டோமே. லண்டனுக்கு விமானத்தில் போகிற காய் என்று செடிக்குச் செடி பேசிக்கொண்டே பறிப்பீர்கள். எனக்குக் கையெல்லாம் அரிக்கும். "ஏட்டி, சொறியாத. சீமைக்காரன் நம்ம காயத் திங்கப் போறான்லா" என்று சிரிப்பீர்கள்.

காயை வாங்கி லண்டனுக்கு அனுப்புகிற கம்பெனியின் மேனேஜர் வந்த அன்று, காயின் இளசைக் காட்டுவதற்காக, ஒவ்வொரு பெட்டியிலும் மேல் வரிசை முழுவதையும் நுனி ஒடித்து அடுக்கி வைத்தீர்கள். நம் ஊரில் அதைவிடப் பெரிய சர்டிபிகேட் உண்டா? "டக்கு டக்குன்னு ஒடியுது, பாத்தியளா சார்" என்று இன்னொன்றையும் ஒடித்து நீட்டினீர்கள். அவன் கை நீட்டவில்லை.

"நுனி போனா ரிஜெக்ட். படிக்காத ஜனங்களோட இதான் தொல்லை."

அடி வரிசைகள் முழுசாக இருந்ததை அவன் பார்க்கவே இல்லை. எல்லாப் பெட்டியையும் தள்ளினான். நீங்கள் குனிந்து, ஒடிந்த நுனிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினீர்கள். அதற்காக அவனை நான் மன்னிக்கவே மாட்டேன். அந்தப் போகத்தோடு குத்தகை போயிற்று. அடுத்த மழைக்கு முன் காய்ச்சலில் நீங்களும் போனீர்கள். "நான் ஒடிச்சிருக்கக் கூடாது, என்னட்டி?" ஆஸ்பத்திரியிலும் அதே பேச்சுதான்.

இப்போது பாவூர்சத்திரம் சந்தையில், ஒரு கமிஷன் கடையில் காய் தரம் பார்க்கிறேன். நான் வேண்டாம் என்றால் சரக்கு ஏலத்துக்குப் போகாது. இன்று அவன் வந்தான் மதினி, அதே மேனேஜர். டெம்போ நிறையக் கம்பெனியின் சொந்தத் தோட்டத்துக் காய். பூச்சிமருந்து அதிகம், லண்டனுக்கு ஆகாது என்று ஏர்போர்ட்டிலேயே திருப்பிவிட்டார்களாம். டீ குடிக்கும்போது டிரைவர் உளறிவிட்டார். வெள்ளைக்காரன் பிள்ளைக்கு ஆகாதது நம் பிள்ளைகள் சாம்பாருக்கு ஆகுமாம்!

லோடு இறக்குகிறவர்கள் எல்லாரும் பார்க்க ஒரு காயை எடுத்து ஒடித்தேன்.

"வளையுது சார். மருந்தும் ஜாஸ்தியாம்லா. ரிஜெக்ட்."

அந்தச் சொல்லை எத்தனை நாள் வாய்க்குள் வைத்திருந்தேன்! "கொஞ்சம் பாத்துச் சொல்லுங்கம்மா" என்று கெஞ்சினான். நான் பக்கத்துக் கடைகளுக்கும் கேட்கும்படி மறுபடி சொன்னேன். யாருமே இறக்க விடவில்லை. எனக்கு நெஞ்சு குளிர்ந்தது.

குளிர்ந்தது கொஞ்ச நேரம்தான். அடுத்த லோடைப் பற்றிப் போனில் பேசிக்கொண்டே அவன் ஏசி காரில் ஏறினான். குற்றாலத்தில் சீசன் வேறு, அருவியில் குளித்துவிட்டுத்தான் ஊர் போவான். சந்தையில் நாம் அவன் சரக்கைத் தள்ளினால் அவனுக்கு ஒரு லோடுதான் போகிறது. அவன் நம் சரக்கைத் தள்ளினால் நமக்கு வயலே போகிறது. இது எந்த ஊர் நியாயம்?

நீங்கள் ஒடித்தது தப்பே இல்லை மதினி. அவன் மறுபடி பெட்டிகளோடு வரட்டும். ஒவ்வொரு பெட்டியிலும் மேல் வரிசை முழுவதையும் ஒடிப்பேன்.