படிக்கத் தெரியாதவர்களுக்கு ஒரு நோட்டீஸ்

சேசு மரி சூசை துணை

திண்டிவனம்
16-6-1938

என் பிரியமுள்ள கணவர் அவர்களுக்கு,

விழுப்புரத்தில் அந்த ரயில்வே குமாஸ்தா வேலைக்கு இன்னும் கையெழுத்துப் போடவில்லையென்றால், இதைப் படித்துவிட்டுப் போடுங்கள்.

பிள்ளைகள் சேராமல் நம் பள்ளிக்கூடத்தை மூடும்படி ஆனபோது, கடைசி முயற்சியாக நோட்டீஸ் அச்சடித்தீர்கள். எழுத்து தெரியாத சனங்களுக்கு நோட்டீஸ் எதற்கு என்று நான் சண்டை பிடித்தேன். "நீ படிச்சுக் காட்டாதே, கையில குடுத்துட்டு வந்துடு" என்று சிரித்தீர்கள். நீங்கள் ரயிலேறிய பிறகு, மனசில்லாமல்தான் தெருத்தெருவாகக் கொடுத்தேன்.

நேற்று சந்தையில் எழுத்து தெரியாத குப்பம்மாள் அந்த நோட்டீஸை நம் மாணவி அமலோற்பவத்திடம் நீட்டி, "இன்னாடி எழுதிக்கீது?" என்று கேட்டாள். அந்தப் பெண் கடகடவென்று வாசித்தாள். கூட்டம் கூடிவிட்டது. குப்பம்மாள் தன் மகன் தலையில் ஒரு தட்டுத் தட்டி, "உன் சோட்டுப் பொண்ணுதானேடா? நீ வாயப் பொளந்துக்கினு நிக்கிறியே!" என்றாள்.

இன்று காலை நான் ஜெபம் முடித்து எழுந்தால், வாசல் நிறையத் தாய்மார்கள். பிள்ளைகளைக் கையைப் பிடித்து இழுத்து வந்திருந்தார்கள். பலகை போதாமல் தரையில் உட்கார வைத்தேன். வீட்டுக் கணக்கை அத்தனை கவனமாக எழுதுகிற எனக்கு, உங்கள் கணக்கு அப்போதுதான் விளங்கியது. அந்த நோட்டீஸை நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வாசித்துக் காட்டுவதற்கென்றே அச்சடித்திருக்கிறீர்கள்!

ரயில்வே சம்பளம் நிலையானது. அதை விட்டுவிடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் திங்கட்கிழமை வாத்தியார் வந்துவிடுவார் என்று அந்தத் தாய்மார்களிடம் சொல்லிவிட்டேன். அதைப் பொய்யாக்கி என்னைச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்கு அனுப்பாதீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் வீட்டுக் கணக்குப்பிள்ளை